மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொல்லுமா?

நீங்கள் கேட்டது இது: "மாட்டுக்குப் போடும் வலி ஊசியால் இந்தியாவில் 4 கோடி கழுகு செத்ததாம், அதனால் 5 லட்சம் மனிதர்களும் செத்தார்களாம், வீடியோ சுற்றுகிறது. எங்கள் தாத்தா செல்போன் டவர்தான் காரணம் என்கிறார். வீட்டில் ரெண்டு கறவை மாடு இருக்கிறது. எதை நம்புவது, நான் என்ன செய்வது?" பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே நான்கைந்து இருக்கின்றன. ஊசி கழுகைக் கொன்றதா? கொன்றது என்றால், எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டோம், எப்படி ஒரு நாடே காலியானது? கழுகு போனதால் மனிதன் செத்தானா? 4 கோடி என்ற எண் சரியா? டவருக்கு இதில் பங்கு உண்டா? இவற்றில் ஒன்றுக்குப் பதில் கல்வெட்டு மாதிரி உறுதி. இன்னொன்று நல்ல மதிப்பீடு. மற்றொன்று வெறும் வாய்க்கணக்கு. வீடியோ மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டது, அதுதான் அதில் கோளாறு.

நான் கால்நடை மருத்துவன். கோபி, சத்தியமங்கலம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் மாடு பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். பறவை ஆராய்ச்சியாளன் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் வரும் ஊசியை என் கையால் போட்டவன் என்ற வகையில் எனக்கும் இதில் ஒரு இடம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து எங்கள் மருந்துப் பைக்குள் வந்தது. விலை மலிவு. பலன் கண்ணெதிரே தெரியும். மூணு நாள் காய்ச்சல் வந்த மாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: நாலு காலும் விறைத்து, கண்ணில் நீர் வடிய, கட்டுத்தறியில் படுத்தால் எழுந்திருக்காது. "டாக்டருங்க, சாயந்தரம் பால் பீச்சோணுங்க, என்னமோ பண்ணி எழுப்பி உட்ருங்க" என்று ஆள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊசி போட்டு, அந்த வீட்டிலேயே காபி குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக் கன்றுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டுத் திரும்பினால் மாடு எழுந்து நின்று சோளத்தட்டு தின்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்ட மருந்தை யார் வேண்டாம் என்பார்கள்?

முதலில் ஒரு பெயர்த் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பேச்சில் கழுகு என்று சொல்வதில் பல பறவைகள் கலந்துவிடுகின்றன. கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து வேறு. இரை பிடித்து உண்ணும் கழுகு வேறு. செத்ததை மட்டும் தின்னும், தலையும் கழுத்தும் சரியாக முடி இல்லாத பெரிய பறவைக்குத் தமிழில் பாறு என்று தனிப் பெயரே இருக்கிறது. நீலகிரிப் பக்கம் வேலை செய்யும் பறவை ஆர்வலர்கள் அந்தப் பெயரை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிணந்தின்னி என்பதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் நான்கு வகையைப் பற்றி அதிகம் பேசுவோம்: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ற ஜோடி, இந்த மஞ்சள்முகப் பாறுதான். தொண்ணூறுகளுக்குப் பிறகு அங்கே எதுவும் இறங்குவதில்லை.

இனி முதல் கேள்வி. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறதல்லவா, அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1987-88ல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணினார். 353 ஜோடி. வேறு வேலைகளுக்குப் போய்விட்டு 1996ல் திரும்பி வந்து பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். மரத்துக்கு அடியிலும் கிளை இடுக்கிலும் செத்த பறவைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் அந்தக் காட்டில் முட்டை வைக்க ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை. 1991-93ல் வாகனத்தில் குறிப்பிட்ட சாலைகளில் போய் எண்ணிய கணக்கு ஒன்று கையில் இருந்தது. அதே சாலைகளில் திரும்பத் திரும்பப் போய் எண்ணியபோது, 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்திருப்பது தெரிந்தது. ஆயிரம் பறவை வட்டமடித்த வானத்தில் ஒன்று. இந்தச் சரிவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

காரணம் என்ன என்பதில்தான் பல வருடம் தடுமாறினார்கள். பூச்சிமருந்து என்றார்கள். இரை குறைந்துவிட்டது என்றார்கள், ஆனால் ஊருக்கு ஊர் செத்த மாடு நாறிக்கொண்டுதான் கிடந்தது. பலபேர் நம்பியது ஏதோ புது வைரஸ் என்று. நோய் பரவுவது போலவே ஒவ்வொரு பகுதியாகக் காலியாகிக்கொண்டு வந்தது, சாகுமுன் பறவைகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தன. கழுத்துத் தொங்கினால் நோய் என்று ஒரு அடையாளமாகவே அதை வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு நிதானமாகக் கவனித்தபோது, நல்ல ஆரோக்கியமான பாறும் வெயில் ஏறினால் உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படித்தான் கழுத்தைத் தொங்கவிடும் என்று தெரியவந்தது. இந்தத் துண்டுச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் தொழிலிலும் இது நடக்கும். சோர்ந்து படுத்திருக்கும் மாட்டைப் பார்த்ததும் பெரிய வியாதி ஒன்றை மனத்தில் எழுதிவிடுவோம், அது வெறுமனே அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது பாகிஸ்தானின் பஞ்சாபில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் ஆளும், பெரெக்ரின் ஃபண்ட் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து செத்த பாறுகளைப் பொறுக்கி அறுத்துப் பார்த்தார்கள். 259 பறவைகளில் 219க்கு, அதாவது நூற்றுக்கு 85க்கு, ஒரே கோலம்: ஈரல்மேலும் இதயத்தின்மேலும் வெள்ளையாக மாவு தூவியது போல் படிவு. சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அது. வைரஸ் தேடினார்கள், இல்லை. பூச்சிமருந்து, கன உலோகம், அதுவும் இல்லை. அப்புறம் ஓக்ஸ் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்தப் பறவை தின்பது பெரும்பாலும் செத்த மாடும் எருமையும்தான். அப்படியானால் மாட்டுக்கு நாம் புதிதாக என்ன கொடுக்கிறோம், அதில் எது சிறுநீரகத்தைக் கெடுக்கும்? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைகளையும் விசாரித்தார்கள். கேட்ட 74 பேரும் டைக்ளோஃபெனாக் விற்றுக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் தினமும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசைக்க முடியாத பகுதி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தில் மருந்தைத் தேடினார்கள். 25லும் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13ல் தேடினார்கள். ஒன்றில்கூட இல்லை. காயம்பட்டு, இனிப் பறக்கவே முடியாமல் கூண்டில் இருந்த 20 பாறுகளுக்கு, இந்த ஊசி போட்டு வெட்டிய எருமை, ஆட்டு இறைச்சியைப் போட்டார்கள். 13 செத்தன, அதே வெள்ளைப் படிவோடு. 2004ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இது வெளியானது. அதே ஆண்டு இந்தியாவிலும் நேபாளத்திலும் எடுத்த பறவை உடல்களிலும் இதே முடிவு வந்தது. இருபது வருடம் ஆகிவிட்டது, இதை யாரும் கவிழ்க்கவில்லை. ஆக, "ஊசி கழுகைக் கொன்றதா" என்றால், கொன்றது. இதில் "என்று சொல்லப்படுகிறது" போட வேண்டியதில்லை.

அந்த வெள்ளைப் படிவை நான் பாறில் பார்த்ததில்லை, கோழியில் நூறு முறை பார்த்திருக்கிறேன். நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் "கவுட்" என்பார்கள். குஞ்சைக் கிழித்தால் இதயப் பை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். விரலால் தேய்த்தால் நறநற என்று வரும். காரணம் எளிது. நம் உடம்பில் சேரும் புரதக் கழிவு யூரியாவாகித் தண்ணீரில் கரைந்து மூத்திரமாகப் போய்விடும். பறவை தண்ணீரை மிச்சம் பிடிக்கிற பிராணி. அதே கழிவை யூரிக் அமிலமாக்கி, கூழ் போல் வெளியே தள்ளும். காக்கை எச்சத்தில் பார்க்கிற வெள்ளை அதுதான். யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. சிறுநீரகம் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் போதும், இரத்தத்தில் ஏறி, கிடைத்த இடத்தில் எல்லாம் படிகமாக உட்கார்ந்துவிடும். மருந்து உள்ளே போன பாறு இரண்டு நாள், மூன்று நாளில் விழுந்துவிடுகிறது.

சரி, நாம் முழங்கால் வலிக்குப் போட்டுக்கொள்கிற மருந்து அந்தப் பெரிய பறவையை எப்படிச் சாய்க்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதிப் பறவைகளைக் கொல்லும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிகிராம் என்று கண்டிருக்கிறார்கள். வெண்முதுகுப் பாறு நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதிகபட்சக் கணக்கில் வைத்தாலும் ஒரு மில்லிகிராம். கடையில் நீங்கள் வாங்கும் மாத்திரை 50 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு நாங்கள் ஏற்றியது 300 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு நாளில் வெளியேறிவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் மாடு செத்துவிட்டால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஊசி ஏறிய சதையிலும் மிச்சம் தங்கியிருக்கும். பாறு முதலில் கொத்துவது எதை என்கிறீர்கள்? மென்மையான உள்ளுறுப்புகளைத்தான்.

எனக்குப் பல நாள் உறைக்காத விஷயம் அடுத்தது. ஊரில் உள்ள மாடுகளில் எந்த ஒரு நாளிலும் வலி ஊசி போட்டுக்கொண்டவை ஆயிரத்தில் ஒன்றிரண்டுகூட இருக்காது. அப்படியிருக்க ஒரு நாட்டின் பாறு எப்படி அழியும்? ரைஸ் கிரீன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் போட்ட கணிதம் சொன்னது: பாறுகளுக்குக் கிடைக்கும் செத்த மாடுகளில் ஏறத்தாழ 130ல் ஒன்றிலிருந்து 760ல் ஒன்று வரை விஷமாக இருந்தாலே, நாம் பார்த்த வேகத்தில் அழிந்துவிடும். ஏனென்றால் ஒரு மாட்டின்மேல் ஒரு பாறு இறங்காது, கூட்டமாக இறங்கும். ஒரு பாறு தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான உடல்களில் உட்கார்ந்து தின்னும், அதில் ஒன்று விஷமாக இருந்தாலும் போச்சு. பெட்டை வருடத்துக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டை வைக்க ஐந்து வருடம் ஆகும். செத்ததை ஈடு கட்ட வழியே இல்லை.

ஆனால் உண்மையில் தடை வருவதற்கு முன்னால் இந்தியாவில் எடுத்த செத்த மாட்டு மாதிரிகளில் பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது. 760ல் ஒன்று போதும் என்ற இடத்தில் பத்தில் ஒன்று! உயிரோடு இருக்கும் மாடுகளில் இவ்வளவு அரிதாக இருக்கும் மருந்து, செத்த மாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் எந்த ஆய்வுக்கூடத்திலும் தேட வேண்டாம், என் பழைய நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் வலி ஊசி போட்டது யாருக்கு? எழ முடியாத மாட்டுக்கு. மடி வீங்கி விஷம் ஏறிய மாட்டுக்கு. இனிப் பிழைக்காது என்று எங்களுக்கே தெரிந்த பிறகும், வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, வலியாவது தெரியாமல் போகட்டும் என்று கடைசியாக ஒன்று ஏற்றிவிட்டு வருவோம். நல்ல மாட்டுக்கு யாரும் வலி ஊசி போடுவதில்லை. சாகப்போகிற மாட்டைத் தேடித் தேடிப் போட்டிருக்கிறோம். பாறு தேடியதும் அதே மாட்டைத்தான்.

அந்த நோட்டில் ஒரு பதிவு இருக்கிறது, வருடம் 1998. ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் சினை எருமை, கன்று திரும்பிக்கொண்டு ஈன முடியாமல் ஒரு இரவு முழுக்க முக்கியது. கன்றைத் துண்டு போட்டு எடுத்தேன். எருமை பிழைக்கவில்லை. "வலி ஊசி 15 மி.லி." என்று என் கையெழுத்தில் இருக்கிறது, மறுநாள் தேதியில் "இறப்பு" என்று இருக்கிறது. தோலை உரித்துக்கொண்டு உடலை ஆற்றுப் படுகையில் போட்டிருப்பார்கள், அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். அதன்மேல் என்ன இறங்கியது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இப்போது தாத்தாவின் டவர். அவரை ஒதுக்கிவிடாதீர்கள், அவர் பார்த்தது பொய்யில்லை. டவர் முளைத்ததும் பாறு மறைந்ததும் ஏறத்தாழ ஒரே காலம்தான். ஆனால் பரத்பூரில் பாதிக் கூடு காலியானபோது நம் ஊர்ப் பக்கம் செல்போனே யாரும் பார்த்ததில்லை. டவர் காரணம் என்றால் செத்த பறவையின் ஈரல்மேல் ஏன் யூரிக் அமிலம், அதன் சிறுநீரகத்தில் ஏன் மருந்து? கம்போடியாவில் இதே வகைப் பாறுகள் உண்டு. அங்கே இரை குறைவு, தொகையும் சிறிது, ஆனால் மாட்டுக்கு இந்த மருந்து போடும் பழக்கம் இல்லை, இந்த மாதிரி ஒரே மூச்சில் சரியவும் இல்லை. எதிர்ப்பக்கச் சோதனையும் நடந்திருக்கிறது: நேபாளத்தில் மருந்தைத் தடை செய்து, கடைகளிலிருந்தும் விரட்டி, பாதுகாப்பான இறைச்சியைப் போடும் இடங்களை வைத்த பிறகு சரிவு நின்று எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. டவரை யாரும் கழற்றவில்லை.

உறுதி குறையும் இடத்துக்கு வருகிறேன். மருந்து சிறுநீரகத்துக்குள் போய்ச் சரியாக என்ன செய்கிறது என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை. யூரிக் அமிலத்தை வெளியே தள்ளும் வழியை அடைக்கிறது என்று ஒரு கட்சி, செல்லையே நேரடியாகச் சாகடிக்கிறது என்று ஒரு கட்சி. அமெரிக்காவில் வான்கோழிப் பாறு என்று ஒன்று இருக்கிறது, பார்க்க நம் பாறுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதற்கு நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. உறவு தோற்றத்தில்தான், வம்சத்தில் வெகு தூரம். நம் நாட்டுப் பாறுக்கு ஏன் இவ்வளவு பலவீனம் என்பது திறந்த கேள்விதான்.

மனித மரணக் கணக்கு இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது. 5 லட்சம் என்ற எண் காற்றில் வந்ததில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயல் ஃபிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன் இருவரும் 2024ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற பொருளாதார ஆய்விதழில் எழுதியது. அவர்கள் செய்தது இது: முன்பு பாறு நிறைய வாழத் தகுந்த மாவட்டங்கள் ஒரு பக்கம், அப்படி இல்லாதவை ஒரு பக்கம். மருந்து மலிவாகி மாட்டுக்குப் பரவுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கத்திலும் மனித இறப்பு விகிதம் எப்படிப் போனது என்று ஒப்பிட்டார்கள். பாறு இருந்த மாவட்டங்களில் மட்டும் இறப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரையான கணக்கில் அது 5 லட்சத்துக்கு மேற்பட்ட கூடுதல் மரணம். அங்கே வெறிநாய்க்கடி ஊசி விற்பனை ஏறியதையும் தண்ணீரின் தரம் கெட்டதையும் சேர்த்துக் காட்டினார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கேட்டால் நியாயமாக இருக்கிறது. ஒரு பாறுக் கூட்டம் மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்று அமிலம் பல கிருமிகளைக் கரைத்துவிடும் அளவுக்குக் கடுமை. அது போனதும் அதே மாடு நாள்கணக்கில் கிடந்து அழுகும், வாய்க்காலில் கலக்கும், நாய் தின்று குட்டி போடும். 2008ல் வேறொரு ஆய்வுக் குழு நாய்க்கடி வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, 1992 முதல் 2006 வரை கூடுதல் ரேபிஸ் மரணம் 47 ஆயிரம் வாக்கில் என்று மதிப்பிட்டது. 47 ஆயிரத்துக்கும் 5 லட்சத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன்? முதலாவது ஒரே ஒரு நோயை எண்ணுகிறது, இரண்டாவது எல்லாக் காரண மரணத்தையும் ஒப்பிட்டு எடுத்த வித்தியாசம். இரண்டிலும் ஒரு ஆளைக் காட்டி "இவர் பாறு இல்லாததால் செத்தார்" என்று சொல்ல முடியாது. அந்தப் பத்து வருடத்தில் கிராமங்களில் மாறியது பாறு மட்டும் இல்லை என்பதும் உண்மை. ஆகவே நான் சொல்லுவது: திசை சரி, அளவு பெரிது என்பதும் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், எண்ணைக் கல்லில் செதுக்க வேண்டாம். இன்றைக்கு உங்கள் தெருவில் திரியும் நாய்க்கெல்லாம் பாறுதான் காரணம் என்று சொல்வதும் அதிகம். தெருக் குப்பையும் ஓட்டல் மிச்சமும் இறைச்சிக் கழிவும் வளர்க்கும் நாயும் நகரத்தில் நிறைய.

4 கோடி என்பதுதான் மூன்றிலும் மெலிந்தது. பாறு நிறைந்திருந்த காலத்தில் அவற்றை எவரும் முழு நாட்டுக்கும் எண்ணவில்லை. காக்கையை யார் எண்ணுவார்கள்? எண்ணியது சாலையோர வழித்தடங்களில், அதுவும் 1991க்குப் பிறகு. அந்தக் கணக்கு எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை நன்றாகச் சொல்லும், தொடக்கத்தில் மொத்தம் எத்தனை என்பதைச் சொல்லாது. கோடிகளில் இருந்திருக்கலாம் என்பது பின்னோக்கிப் போட்ட ஊகம். 2015 வாக்கில் இந்தியாவில் மிஞ்சியது வெண்முதுகுப் பாறு சுமார் 6,000, கருங்கழுத்துப் பாறு சுமார் 12,000 என்ற மதிப்பீடு இருக்கிறது. அதைச் சொன்னாலே போதும், 4 கோடி தேவையில்லை.

தடை வந்த கதையில் ஒரு சுவாரசியம் உண்டு. 2006ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தின. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒன்றும் நிற்கவில்லை. மனிதருக்கான மருந்து கடையில் இருந்தது, அதுவும் 30 மி.லி. புட்டியில். மனிதனுக்கு ஒரு தடவைக்கு 3 மி.லி. போதும். 30 மி.லி. புட்டி யாருக்காக வந்தது என்று எங்களுக்குத் தெரியும், செய்தவர்களுக்கும் தெரியும். தடைக்குப் பிந்தைய வருடங்களில் பல மாநிலங்களில் கடை கடையாகப் போய் மாட்டுக்கு வலி மருந்து கேட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு கடைக்கு மேல் இதையே எடுத்துக் கொடுத்தது. 2015ல்தான் மனித ஊசியை 3 மி.லி. ஆம்பூலாக, அதாவது கழுத்தை உடைத்து ஒரே தடவைக்குப் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடிக் குப்பியாகச் சுருக்கினார்கள். மாட்டுக்குப் போட வேண்டுமானால் நாலு ஆம்பூலை உடைத்து, நாலு தடவை உறிஞ்சி, நாலு மடங்கு காசு கொடுக்க வேண்டும். எத்தனையோ சுற்றறிக்கை செய்யாததை அந்தக் கண்ணாடிக் கழுத்து செய்தது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

மாற்று என்ன என்பதும் அப்போதே கிடைத்துவிட்டது. மெலாக்சிகம். முதலில் தென்னாப்பிரிக்கப் பாறுகளிலும், பிறகு நம் நாட்டுக் கூண்டுப் பாறுகளிலும் சோதித்து, 2006லேயே பாதிப்பு இல்லை என்று காட்டிவிட்டார்கள். தொடக்கத்தில் விலை கூடுதல், பழகிய கை உடனே மாறாது, எங்களில் பலர் இழுத்தடித்தோம். இதற்குள் கடைகள் வேறு சரக்கை நீட்டின. கீட்டோப்ரோஃபென் பாறைக் கொல்லும். அசிக்ளோஃபெனாக் இன்னும் மோசம், மாட்டின் உடம்புக்குள் போனதும் அதுவே டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுகிறது. பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு அதே கடை. இந்த இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தது 2023ல். நிமிசுலைடு 2024 கடைசியில் போனது. ஒவ்வொன்றையும் பாறு செத்துச் செத்துத்தான் நிரூபித்தது. மருந்து வரும்போதே பறவையில் சோதித்துவிட்டு விட்டால் என்ன என்று இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இப்போது பாறு இருக்கும் இடம் மாயாறு பள்ளத்தாக்கு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, சீகூர்ப் பீடபூமிக்குக் கீழே. காட்டு மாடும் மானும் புலி மிச்சம் வைத்ததும் அங்கே இரை. அவற்றுக்கு யாரும் ஊசி போடவில்லை, அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு ஒரு முறை போயிருந்தேன். ஆற்றோரம் நீர்மருது மரம் ஒன்றைக் காட்டி, "மேல பாக்காதீங்க சார், எலையைப் பாருங்க" என்றார். உச்சிக் கிளைக்குக் கீழே இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். கூட்டைக் கண்டுபிடிக்க அவர்கள் பார்ப்பது அதைத்தான். சிறுநீரகம் வேலை செய்கிற பறவை வெளியே தள்ளிய யூரிக் அமிலம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கூட்டு விளிம்பில் ஒரு கழுத்து தெரிந்தது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நாட்களில் எண்ணியபோது 320 பாறுகள் கணக்கில் வந்தன. ஊசி தவிர அங்கே இன்னொரு பயம் உண்டு: பட்டி மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால், கோபத்தில் அந்த உடலிலேயே விஷம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். புலி திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பாறு நிச்சயம் வரும்.

இனி உங்கள் ரெண்டு மாடு. மருத்துவர் வலி ஊசி எடுக்கும்போது பெயரைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். மெலாக்சிகம் என்றால் சரி. டோல்ஃபெனாமிக் அமிலம் என்றாலும் பரவாயில்லை. மாடு படுத்த அவசரத்தில் கடைக்காரரிடம் நீங்களே போய் வலி மருந்து வாங்கி யார் கையிலாவது கொடுத்துப் போடச் சொல்வதைத்தான் தயவுசெய்து தவிருங்கள். தவறான சரக்கு பெரும்பாலும் அந்த வழியில்தான் மாட்டுக்குள் போகிறது. எந்த ஊசி போட்டிருந்தாலும், ஒரு வாரத்துக்குள் மாடு இறந்துவிட்டால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். ஓடையில் வேண்டாம்.

தாத்தாவிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் சின்ன வயதில் உங்கள் ஊரில் செத்த மாட்டை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள், அங்கே கடைசியாகப் பாறு இறங்கியது எந்த வருடம் என்று நினைவிருக்கிறதா? வருடம் தெரியாவிட்டால் யார் கல்யாணம், எந்த வெள்ளம் என்று அடையாளம் சொன்னாலும் போதும். பவானி, மாயாறு ஓர ஊர்களில் இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 41 ஊர் ஆகியிருக்கிறது.